அண்டார்க்டிகாவில் வசிப்போர்

தென் துருவத்தைச் சூழ்ந்துள்ள அண்டார்க்டிகா, பூர்வகுடி மக்கள் இல்லாத ஒரே கண்டம் ஆகும். ஏறத்தாழ 1.4 கோடி சதுர கிலோமீட்டர் பரப்பளவு கொண்ட இக்கண்டத்தில் நிரந்தரக் குடிமக்கள் எவரும் இல்லை. ஆயினும் ஆண்டு முழுவதும் இங்கு மனிதர்கள் தங்கியிருக்கின்றனர். பல நாடுகளின் ஆய்வு நிலையங்களில் கோடைக்காலத்தில் 4,000 முதல் 5,000 பேர் வரையும், குளிர்காலத்தில் ஏறத்தாழ 1,000 பேரும் வசிக்கின்றனர். இவர்கள் குறிப்பிட்ட காலத்திற்குப் பணிக்கு வந்து திரும்புபவர்கள்.

பூர்வகுடிகள் இல்லாததன் காரணம்

வட துருவப் பகுதியை ஒட்டி ஆசியா, ஐரோப்பா, வட அமெரிக்கா ஆகிய நிலப்பரப்புகள் உள்ளன. எனவே மனிதர்கள் கலைமான்களையும் கடல்நாய்களையும் வேட்டையாடியபடி படிப்படியாக வடக்கே சென்று குடியேற முடிந்தது. இனுயிட், சாமி, நெனெட்ஸ் முதலிய மக்கள் அவ்வாறு அங்கு வாழ்பவர்கள். அண்டார்க்டிகாவோ மனித இனம் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிற நிலப்பகுதிகளிலிருந்து பிரிந்துவிட்டது. அதற்கு மிக அருகிலுள்ள தென் அமெரிக்காவின் முனையிலிருந்தும் கொந்தளிப்பான கடலைக் கடந்தே செல்ல வேண்டும். மரங்கள், நில விலங்குகள், உணவாகும் தாவரங்கள் ஆகியவையும் அங்கு இல்லை. இக்கண்டம் முதன்முதலில் மனிதர் கண்ணில் பட்டதே 1820-ஆம் ஆண்டில்தான்.

முதலில் தங்கியவர்கள்

1899-ஆம் ஆண்டு கார்ஸ்டன் போர்க்கிரெவிங்க் தலைமையில் பத்துப் பேர் அடேர் முனையில் மரக்குடில் அமைத்துக் குளிர்காலத்தைக் கழித்தனர். கண்டத்தின் நிலப்பகுதியில் குளிர்காலம் முழுவதும் தங்கிய முதல் மனிதர்கள் இவர்களே. இழுவை நாய்களைப் பராமரிக்க வட துருவப் பகுதியைச் சேர்ந்த சாமி இனத்தவர் இருவர் இக்குழுவில் இருந்தனர். குழுவின் விலங்கியலாளர் நிக்கோலாய் ஹான்சன் அங்கேயே இறந்தார். கண்டத்தில் அமைந்த முதல் கல்லறை அவருடையதாகும். தெற்கு ஓர்க்னி தீவுகளிலுள்ள ஓர்க்காதாஸ் நிலையத்தில் 1904 முதல் இடைவிடாது மனிதர்கள் இருந்து வருகின்றனர். இது அர்ஜென்டினாவின் நிலையம் ஆகும்.

யார் வசிக்கின்றனர்?

அறிவியலாளர்கள் மட்டுமே இங்கு வசிக்கின்றனர் என்ற எண்ணம் சரியன்று. ராஸ் தீவிலுள்ள அமெரிக்காவின் மெக்மர்டோ நிலையமே அளவில் பெரியது. கோடையில் அங்கு ஏறத்தாழ 1,000 பேர் வரை தங்குவர். அவர்களில் சமையல்காரர்கள், மின்பணியாளர்கள், குழாய்ப் பணியாளர்கள், வாகன ஓட்டுநர்கள், தீயணைப்பு வீரர்கள் போன்றோரே பெரும்பான்மையினர். மின்சாரம், குடிநீர், வெப்பம் ஆகியவற்றில் ஒன்று நின்றாலும் உயிருக்கே ஆபத்து என்பதால் இவர்களின்றி நிலையம் இயங்காது.

இந்தியாவின் முதல் அண்டார்க்டிகப் பயணம் 1981-ஆம் ஆண்டு தொடங்கியது. முதல் நிலையமான தட்சிண் கங்கோத்ரி பனியில் புதைந்ததால் கைவிடப்பட்டது. தற்போது மைத்ரி (1989), பாரதி (2012) ஆகிய இரு நிலையங்களிலும் ஆண்டு முழுவதும் இந்தியர்கள் பணிபுரிகின்றனர்.

குளிர்காலத் தனிமை

தென் துருவத்திலுள்ள அமுண்ட்சென்-ஸ்காட் நிலையத்திற்குப் பிப்ரவரி நடுப்பகுதி முதல் அக்டோபர் இறுதி வரை வழக்கமான விமானங்கள் வருவதில்லை. மார்ச்சில் மறையும் சூரியன் செப்டம்பரில்தான் மீண்டும் உதிக்கும். அதுவரை ஏறத்தாழ 40 பேர் மட்டும் அங்கு இருப்பர். உட்பகுதியில் குளிர் மிகக் கடுமையானது. ரஷ்யாவின் வஸ்தோக் நிலையத்தில் 1983 ஜூலை 21 அன்று −89.2 பாகை செல்சியசு பதிவானது.

இத்தனிமையில் நோய் பெரும் அச்சுறுத்தலாகும். 1961 ஏப்ரல் 29 அன்று சோவியத் நிலையமான நோவோலசாரெவ்ஸ்காயாவின் ஒரே மருத்துவரான லியோனிட் ரோகசோவுக்குக் குடல்வால் அழற்சி ஏற்பட்டது. வெளியிலிருந்து உதவி வர வழியில்லை. எனவே சக பணியாளர்கள் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ள, அவர் தமக்குத் தாமே அறுவை சிகிச்சை செய்து குடல்வாலை அகற்றினார். இரண்டு வாரங்களில் பணிக்கும் திரும்பினார். இந்நிலையம் அமைந்துள்ள ஷிர்மாக்கர் பாறைப் பகுதியிலேயே இந்தியாவின் மைத்ரி நிலையமும் உள்ளது.

குடும்பங்களும் குழந்தைகளும்

அண்டார்க்டிகத் தீபகற்பத்தின் மீது அர்ஜென்டினா, சிலி ஆகிய இரு நாடுகளும் உரிமை கோருகின்றன. அக்கோரிக்கைக்கு வலுச்சேர்க்க இவ்விரு நாடுகளும் குடும்பங்களை அங்கு குடியமர்த்தின. அர்ஜென்டினா அரசு கர்ப்பிணி ஒருவரை எஸ்பெரான்சா நிலையத்திற்கு விமானத்தில் அனுப்பியது. 1978 ஜனவரி 7 அன்று அங்கு அவருக்குப் பிறந்த எமிலியோ பால்மா, இக்கண்டத்தில் பிறந்த முதல் மனிதர் ஆவார். சிலி 1984-ஆம் ஆண்டு கிங் ஜார்ஜ் தீவில் வில்லா லாஸ் எஸ்த்ரெயாஸ் என்ற குடியிருப்பை நிறுவியது. அங்கு பள்ளியும் அஞ்சலகமும் இருந்தன. பெரிய மருத்துவமனை தொலைவில் இருந்ததால், நீண்ட காலம் தங்குவோர் முன்கூட்டியே குடல்வாலை அகற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. பின்னாளில் பள்ளி மூடப்பட்டது.

சட்ட நிலை

12 நாடுகள் 1959 டிசம்பர் 1 அன்று கையெழுத்திட்ட அண்டார்க்டிக் ஒப்பந்தம் 1961-இல் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் நடைமுறையில் உள்ள வரை அங்கு நிகழும் எந்தச் செயலும் நில உரிமைக்கு அடிப்படை ஆகாது. எனவே அங்கு பிறப்பதாலோ வசிப்பதாலோ எந்த நாட்டின் உரிமையும் உறுதியாவதில்லை. அண்டார்க்டிகக் குடியுரிமை என்ற ஒன்றும் இல்லை. அங்கு வசிப்போர் தத்தம் நாட்டுக் குடிமக்களாகவே இருந்து, பணிக்காலம் முடிந்ததும் நாடு திரும்புகின்றனர்.