மஞ்சள் விற்பனைக்கு இணையதளம்: பக்கத்தைச் செப்பனிடும் முறையும் விளம்பரச் செலவும்

ஈரோடு, சேலம், கோயம்புத்தூர் ஜில்லாக்களில் மஞ்சள் பயிரிடும் விவசாயிகளில் சிலர், விரலியையும் கிழங்கையும் முழுவதும் மண்டிக்கு அனுப்பிவிடாமல், ஒரு பகுதியை அரைத்துத் தூளாக்கி, உபயோகிப்போருக்கு நேரே விற்கும் முறையைக் கைக்கொண்டு வருகின்றனர். 2019ஆம் ஆண்டில் ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதும் இதற்கு அனுகூலமானதே. இவர்களிற் பலர் சொந்தமாக இணையதளமும் அமைத்திருக்கின்றனர்.

ஆயினும், தளம் அமைத்த மாத்திரத்தில் வாங்குவோர் வந்துவிடுவதில்லை. அந்நிலையில் சிலர் மனம் சோர்ந்து தளத்தைக் கவனியாது விட்டுவிடுகின்றனர். வேறு சிலர், யாரோ ஓர் ஏஜெண்டின் வார்த்தையை நம்பி, மகசூலில் கண்ட பணத்தை விளம்பரத்தில் இறைத்து நஷ்டமடைகின்றனர். முதலில் பக்கத்தைச் செப்பனிட வேண்டும். அதன் பின்னரே விளம்பரத்திற்குச் செலவிட வேண்டும். செலவிடும்போதும் ஓர் ஆர்டருக்கு எவ்வளவு ஆகிறதென்று கணக்கிட்டே செலவிட வேண்டும். இம்மூன்றையும் விளக்குவதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

தேடுபொறி வேலை செய்யும் விதம்

நம் நாட்டில் பெரும்பாலோர் உபயோகிக்கும் தேடுபொறி கூகுள். இது 1998ஆம் ஆண்டில் லாரி பேஜ், செர்ஜி பிரின் என்னும் இருவரால் ஸ்தாபிக்கப்பட்டது. இதன் இயந்திரங்கள் ஒரு பக்கத்திலுள்ள இணைப்புகளின் வழியே அடுத்த பக்கத்திற்குச் சென்று, கண்டவற்றைப் படித்து, பெரியதோர் அட்டவணையில் குறித்துக்கொள்கின்றன. ஒருவர் சில சொற்களை எழுதித் தேடும்போது, அவ்வட்டவணையிலிருந்து பொருத்தமான பக்கங்கள் வரிசைப்படுத்திக் காட்டப்படுகின்றன. பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது, பிற நல்ல தளங்கள் அதைச் சுட்டுகின்றனவா, கைபேசியில் விரைவாகத் திறக்கின்றதா என்பன போன்ற பலவும் வரிசையை நிர்ணயிக்கின்றன.

இவ்வரிசையில் இடம் பெறுவதற்குப் பணம் கொடுக்க வேண்டுவதில்லை. இதற்கு மேலும் கீழும், விளம்பரம் என்னும் குறிப்புடன் தோன்றுபவையே பணம் பெற்றுக் காட்டப்படுபவை. விளம்பரத்திற்கு எவ்வளவு கொடுத்தாலும் இலவச வரிசையில் இடம் உயராது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதாலேயே பலர் ஏமாறுகின்றனர்.

வாங்குவோரின் சொற்களை அறிதல்

மஞ்சளைப் பற்றித் தேடுவோர் யாவரும் மஞ்சள் வாங்குவோர் அல்லர். "மஞ்சள் விலை இன்று" என்று தேடுபவர் வியாபாரியாகவோ, நம்மைப் போன்ற விவசாயியாகவோ இருப்பார். "மஞ்சள் சாகுபடி" என்பவர் பயிர் முறையை அறிய விரும்புபவர். "மஞ்சள் தூள் 1 கிலோ விலை", "கலப்படமற்ற மஞ்சள் தூள் வாங்க" என்று தேடுபவரே நமது தளத்திற்கு வேண்டியவர். மேலும், தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதித் தேடுவோரும், ஆங்கிலப் பெயராலேயே தேடுவோரும் பலர். ஆகவே விற்பனைப் பக்கத்தில் தமிழ்ப் பெயரோடு ஆங்கிலப் பெயரும் இயல்பாக ஓரிடத்தில் வருவது நலம்.

எச்சொற்களால் தேடி நமது தளத்திற்கு வருகின்றனர் என்பதை அறியக் கூகுள் சர்ச் கன்சோல் என்னும் இலவசக் கருவி உண்டு. நமது பக்கம் எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் திறந்தனர், சராசரியாக எத்தனையாவது இடத்தில் நின்றது என்னும் விவரங்கள் இதில் 16 மாதங்கள் வரை கிடைக்கும். மஞ்சளோ வைகாசி, ஆனி மாதங்களில் நட்டு, ஏறக்குறைய ஒன்பது மாதங்களில் வெட்டப்படும் பயிர். ஆகையால் இவ்வாண்டு அறுவடைக் காலத்து விவரத்தைச் சென்ற ஆண்டின் விவரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க இக்காலவரை போதுமானது.

பக்கத்தைச் செப்பனிடும் முறை

பின்வரும் வேலைகள் யாவும் பணச்செலவின்றிச் செய்யக்கூடியவை.

1. ஒவ்வொரு சரக்கிற்கும் தனிப் பக்கம் வேண்டும். தூள், விரலி, விதை மஞ்சள் மூன்றையும் ஒரே பக்கத்தில் குவித்துவிடலாகாது. விதை மஞ்சள் தேடுபவர் விவசாயி. தூள் தேடுபவர் இல்லத்தரசி. இருவருக்கும் வேண்டிய விவரம் வேறு.

2. பக்கத்தின் தலைப்பு, "முகப்பு" அல்லது "நல்வரவு" என்றிராமல், உள்ளேயிருக்கும் பொருளைச் சொல்ல வேண்டும். "ஈரோடு மஞ்சள் தூள், 500 கிராம், 1 கிலோ, பண்ணையிலிருந்து நேரே" என்பது போன்ற தலைப்பு தேடுபவருக்கும் இயந்திரத்திற்கும் விளங்கும்.

3. விலை, எடை, மஞ்சளின் ரகம், வெட்டிய மாதம், வேகவைத்து உலர்த்திய முறை, அரைத்த தேதி, அனுப்பும் செலவு, வந்து சேரும் நாள் ஆகியவற்றை எழுத்திலேயே தர வேண்டும். பலர் இவற்றையெல்லாம் ஒரு வர்ணப் படத்திற்குள் எழுதி ஒட்டிவிடுகின்றனர். படத்திற்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி சரியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்று நம்பியிருக்கக் கூடாது. பழைய தமிழ் எழுத்துருக்களில் அமைந்த பக்கங்களுக்கும் இதே குறை உண்டு; யூனிகோடு எழுத்தில் இருந்தால்தான் தேடுபவரின் சொல்லும் பக்கத்தின் சொல்லும் பொருந்தும்.

4. தேடுபொறி பக்கத்தைக் கணிக்கும்போது கைபேசியில் தோன்றும் வடிவத்தையே முதன்மையாகக் கொள்கிறது. பக்கத்தின் முக்கிய பாகம் 2.5 விநாடிக்குள் தோன்றுதல் நல்ல அளவென்று கூகுள் கூறுகிறது. காமிராவில் எடுத்த பெரிய படங்களை அப்படியே ஏற்றுவதே தாமதத்திற்குப் பெரும்பாலும் காரணம். அவற்றைச் சுருக்கி ஏற்ற வேண்டும்.

5. "மஞ்சள் தூள்" என்னும் சொல்லை வரிக்கு வரி திருப்பி எழுதுவதால் பயனில்லை, தீங்கே உண்டு. பக்கத்தின் உட்குறிப்பில் சொற்பட்டியலை மறைத்து வைப்பதும் வீண். அப்பட்டியலைத் தாம் வரிசைக்குக் கருதுவதில்லையென்று கூகுள் 2009ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது.

6. உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு அல்லது உரிம எண்ணையும், பண்ணையின் விலாசத்தையும், தொலைபேசி எண்ணையும் தெளிவாகக் காட்ட வேண்டும். முன்பின் அறியாதவர் பணம் அனுப்பத் துணிவது இவற்றைக் கண்ட பின்னரே.

7. மஞ்சள் நீரிழிவைத் தீர்க்கும், புற்றுநோயைப் போக்கும் என்று எழுதுதல் கூடாது. இவ்வித விளம்பரங்கள் 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் பற்றிய சட்டத்தால் தடுக்கப்பட்டவை. விளம்பரக் கணக்கு முடக்கப்படுவதற்கும் இவை ஏதுவாகும்.

பண்ணையிலோ கடையிலோ வாடிக்கையாளரை நேரில் சந்தித்து விற்போர், கூகுள் வரைபடத்தில் தங்கள் இடத்தை இலவசமாகப் பதிவு செய்துகொள்ளலாம். தபாலில் மட்டும் விற்போருக்கு இவ்வசதி இல்லை.

இவ்வேலைகளின் பலன் உடனே தெரியாது. நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை பொறுத்திருக்க வேண்டுமென்பது கூகுள் நிறுவனத்தாரே கூறிய காலவரை. மஞ்சள் நட்டவருக்கு இது நீண்ட காலமாகத் தோன்றாது.

விளம்பரம் ஏலத்தில் நடப்பது

கூகுள் விளம்பரம் 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. ஒருவர் தேடும் ஒவ்வொரு முறையும், அச்சொல்லுக்கு விளம்பரம் கொடுத்திருப்போரிடையே கணப்பொழுதில் ஓர் ஏலம் நடைபெறுகிறது. மண்டி ஏலத்தில் விலை ஒன்றே முடிவு செய்யும். இங்கோ கேட்ட தொகையோடு, விளம்பரம் தேடிய சொல்லுக்குப் பொருந்துகிறதா, அது கொண்டு சேர்க்கும் பக்கம் பயனுள்ளதா என்பவையும் சேர்த்துக் கணிக்கப்படுகின்றன. ஆகவே நல்ல பக்கம் உடையவர் குறைந்த தொகைக்கு மேலிடம் பெறுதல் கூடும். பக்கத்தை முதலில் செப்பனிட வேண்டுமென்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

தேடல் விளம்பரத்தில், யாராவது அதைத் தொட்டுத் திறந்தால் மட்டுமே பணம் பிடிக்கப்படும். இதனைக் கிளிக் என்பர். நாளொன்றுக்கு இவ்வளவு என்று வரம்பு வைக்கலாம். ஆயினும் ரூ. 100 என்று வரம்பு வைத்தால், ஒரு சில நாட்களில் ரூ. 200 வரை செலவாகலாம்; ஆனால் மாதம் முழுவதற்கும் சேர்த்து 30.4 மடங்கிற்கு, அதாவது ரூ. 3,040க்கு மேல் பிடிக்கப்படாது. இதை அறியாதவர் இரண்டாம் நாளே திகைப்படைவர்.

ஓர் ஆர்டருக்கு ஆகும் செலவு

விளக்கத்திற்காக ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ தூளின் விலை ரூ. 320. மண்டியில் விற்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய மஞ்சளின் விலை, அரைவைக் கூலி, பொட்டலம், அனுப்பும் செலவு யாவும் சேர்ந்து ரூ. 230. மீதம் ரூ. 90. சொந்த மஞ்சள்தானே என்று அதன் விலையைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது தவறு.

கிளிக் ஒன்றுக்கு ரூ. 6 வீதம் 100 கிளிக்குகளுக்கு ரூ. 600 செலவாகிறது. வந்த நூறு பேரில் நால்வர் வாங்கினால், ஓர் ஆர்டருக்கு விளம்பரச் செலவு ரூ. 150. மீதமோ ரூ. 90 தான். ஆர்டர் ஒன்றுக்கு ரூ. 60 நஷ்டம். விற்பனை பெருகப் பெருக நஷ்டமும் பெருகும்.

பக்கத்தைத் திருத்திய பின் நூறு பேரில் எண்மர் வாங்குவதாகக் கொள்வோம். அப்போது ஆர்டருக்குச் செலவு ரூ. 75. அதே விளம்பரம், அதே பணம். ஆனால் இப்போது ரூ. 15 லாபம். நாம் கொடுக்கக்கூடிய உச்ச விலையை அறிய வழி இது: ஓர் ஆர்டரின் மீதத்தை, நூறு கிளிக்கில் வரும் ஆர்டரின் எண்ணிக்கையால் பெருக்கி, நூறால் வகுக்க வேண்டும். நால்வர் வாங்கினால் ரூ. 3.60, எண்மர் வாங்கினால் ரூ. 7.20. கிளிக் விலை இதற்கு மேற்படின் விளம்பரத்தை நிறுத்திவிட்டுப் பக்கத்தையும் சொற்களையும் பார்வையிடுதல் வேண்டும்.

ஒருமுறை வாங்கியவர் மறுமுறை விளம்பரமின்றி நேரே வாங்கினால் ரூ. 90 முழுவதும் நமக்கே. ஆதலால் வாங்கியோரின் எண்ணையும், அவர் சம்மதத்தையும் குறித்து வைத்து, புதுத் தூள் அரைக்கும் காலத்தில் தெரிவிப்பது நல்லது. ஆர்டர்கள் தொலைபேசியிலோ வாட்ஸ்அப்பிலோ வருமாயின், "எங்களைப் பற்றி எவ்வாறு அறிந்தீர்கள்?" என்று ஒவ்வொருவரையும் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வருதல் அவசியம். இக்குறிப்பு இல்லாமல் மேற்சொன்ன கணக்கைப் போட இயலாது.

வேண்டாத சொற்களை விலக்குதல்

வயலில் களை எடுப்பதைப் போலவே விளம்பரத்திலும் வேண்டாத சொற்களை நீக்க வேண்டும். மஞ்சள் என்பது தமிழில் பயிரின் பெயர் மட்டுமன்று, நிறத்தின் பெயருமாகும். சொற்பொருத்தத்தைத் தளர்வாக விட்டிருந்தால், மஞ்சள் சேலை தேடுபவருக்கும், மஞ்சள் காமாலைக்கு மருத்துவம் தேடுபவருக்கும் நமது விளம்பரம் காட்டப்படக்கூடும். அவர்களில் சிலர் தொட்டுத் திறந்தாலும் பணம் நம்முடையதே.

இதைத் தவிர்க்க, சொற்பொருத்தத்தை முதலில் இறுக்கமாகவே வைத்துத் தொடங்க வேண்டும். சேலை, காமாலை, சாகுபடி, மண்டி விலை முதலியவற்றை விலக்குச் சொற்பட்டியலில் சேர்க்க வேண்டும். விலக்குச் சொற்களுக்கு ஒருமை, பன்மை முதலிய வேறுபாடுகளை இயந்திரம் தானே கருதிக்கொள்வதில்லை. "சேலை", "சேலைகள்" இரண்டையும் தனித்தனியே எழுத வேண்டும். மக்கள் உண்மையில் எழுதித் தேடிய சொற்களின் அறிக்கை விளம்பரக் கணக்கிலேயே கிடைக்கும். முதல் மாதத்தில் வாரம் இருமுறையேனும் அதைப் பார்த்து, புதிய களைகளை நீக்கி வரல் வேண்டும்.

ஏஜெண்டுகளிடம் ஜாக்கிரதை

வேலையை மற்றொருவரிடம் ஒப்படைப்பதில் குற்றமில்லை. ஆனால், "முதலிடம் நிச்சயம்" என்று உறுதி கூறுபவரிடம் பணம் கொடுக்கலாகாது. கூகுளில் முதலிடத்தை எவரும் உறுதி செய்ய இயலாதென்று அந்நிறுவனத்தாரே எச்சரித்துள்ளனர். "ஆயிரம் தளங்களிலிருந்து இணைப்பு வாங்கித் தருகிறோம்" என்பதும் அவர்களுடைய விதிக்கு மாறானது. அதனால் தளம் வரிசையிலிருந்து தள்ளப்படலாம்.

தளத்தின் பெயர்ப் பதிவும், விளம்பரக் கணக்கும், சர்ச் கன்சோலும் விவசாயியின் பெயரிலேயே இருக்க வேண்டும். ஏஜெண்டுக்கு வேலை செய்யும் அனுமதி மட்டும் தரலாம். மாதந்தோறும் கூகுளுக்குச் சென்ற தொகை எவ்வளவு, ஏஜெண்டின் கூலி எவ்வளவு, வந்த ஆர்டர் எத்தனை என்று மூன்றையும் தனித்தனியே எழுதி வாங்க வேண்டும். நிலத்தைக் குத்தகைக்கு விடுபவர் பட்டாவைத் தம்மிடமே வைத்திருப்பதன்றோ வழக்கம்?

தொடங்கும் வரிசை

இவ்வாண்டு தொடங்க விரும்புவோர், மஞ்சள் வயலில் நிற்கும் மாதங்களிலேயே பக்கங்களை எழுதிச் சர்ச் கன்சோலில் பதிந்துவிட வேண்டும். வெட்டி, வேகவைத்து, உலர்த்தி, முதல் தூள் அரைத்த பின்னர், எந்தச் சொற்களுக்குப் பக்கம் காட்டப்படுகிறதென்று பார்த்து, அவற்றுள் வாங்குவோரின் சொற்கள் ஐந்தாறுக்கு மட்டும் நாளொன்றுக்குச் சிறு தொகையாக விளம்பரம் வைக்கலாம். நூறு கிளிக் ஆனதும் நிறுத்திக் கணக்குப் பார்க்க வேண்டும். மீதம் நிற்குமாயின் தொடரலாம். நில்லாவிடின், பக்கத்தைத் திருத்திய பின்னரே மறுபடி தொடங்க வேண்டும். நூறு கிளிக்கில் நேரும் நஷ்டம் தாங்கக்கூடியது. கணக்கில்லாமல் ஒரு பருவம் முழுவதும் செலவிட்டால் ஏற்படும் நஷ்டம் அடுத்த பருவத்து விதைக்கும் எருவுக்கும் வைத்த பணத்தைக் கரைத்துவிடும்.