அயல்நாட்டில் பிரெஞ்சுப் பள்ளி



தொழிலின் பொருட்டுக் குடும்பத்தோடு அயல்நாடு சென்று வாழும் தமிழர் இன்று பலர். சென்ற இடத்தில் குடியிருக்க வீடு கிடைத்துவிடும். சிறிது முயன்றால் அரிசியும் புளியும்கூடக் கிடைத்துவிடும். ஆனால், உடன் சென்ற குழந்தையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்னும் வினாவுக்கு அவ்வளவு எளிதாக விடை கிடைப்பதில்லை. செனகல் நாட்டின் தக்கார், ஐவரி கோஸ்ட் நாட்டின் அபிஜான் போன்ற, பிரெஞ்சு மொழி வழங்கும் நகரங்களில், பிரெஞ்சுப் பாடத்திட்டப் பள்ளியே பெற்றோரின் கண்முன் முதலில் நிற்கும். அப்பள்ளி எத்தகையது, எவர்க்குத் தக்கது என்பதை ஓர் ஆசிரியன் என்ற முறையில் எடுத்துரைக்க விழைகிறேன். இன்று மாணவராக இருக்கும் உங்களில் சிலர் நாளை பெற்றோராகி இவ்வினாவை எதிர்கொள்ளக்கூடும்.

இவ்வகைப் பள்ளியைக் காண நாம் கடல் கடக்க வேண்டுவதில்லை. புதுச்சேரியில் 1826-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பிரெஞ்சுப் பள்ளி இன்றும் நடைபெற்று வருகிறது. 1954-இல் ஆட்சி கைமாறிய பின்னும், 1962-இல் அம்மாற்றம் சட்டப்படி நிறைவெய்திய பின்னும் அது மூடப்படவில்லை. அங்குப் பயிலும் மாணவனுக்கும் பாரிஸ் நகரில் பயிலும் மாணவனுக்கும் பாடத்திட்டம் அடிப்படையில் ஒன்றே. இந்த ஒருமையே பிரெஞ்சுப் பள்ளி முறையின் உயிர்நாடி எனலாம்.

பிரான்சுக்கு வெளியே 130-க்கு மேற்பட்ட நாடுகளில் இத்தகைய பள்ளிகள் 500-க்கு மேல் இயங்குகின்றன. இவற்றுக்கு அங்கீகாரம் அளிப்பது பிரெஞ்சு அரசின் கல்வி அமைச்சகம். இவற்றை ஒருங்கிணைப்பதற்கென 1990-இல் ஓர் அரசு நிறுவனமும் அமைக்கப்பட்டது. அங்கீகாரம் பெற்ற ஒரு பள்ளியில் படித்த மாணவன், அத்தகைய வேறொரு பள்ளிக்கோ பிரான்சுக்கோ மாறிச் செல்லும்போது தகுதித்தேர்வு எழுதாமலே அடுத்த வகுப்பில் தொடரலாம் என்பது விதி. மூன்றாண்டுக்கு ஒரு முறை நாடு மாற நேரும் குடும்பத்துக்கு இது பெரும்பேறு. நாடு மாறினும் நூல் அறுந்துபோகாமல் படிப்புத் தொடரும்.

இனி, வகுப்புகளின் அமைப்பைக் காண்போம். 3 வயதில் மழலையர் பள்ளி, அங்கு மூன்றாண்டு. பின்னர்த் தொடக்கப் பள்ளியில் ஐந்தாண்டு. அதன்பின் 'கொலேஜ்' என்னும் இடைநிலையில் நான்காண்டு. இறுதியில் 'லிசே' என்னும் மேனிலையில் மூன்றாண்டு. பெயரைக் கேட்டு, கொலேஜ் என்பதை நம் கல்லூரி என்று கருதிவிடலாகாது. மேலும், 11 வயதில் ஆறாவது வகுப்பில் நுழையும் பிள்ளை அடுத்த ஆண்டு ஐந்தாவதுக்கும், அதற்கடுத்த ஆண்டு நான்காவதுக்கும் செல்வான். பிள்ளை பின்னோக்கிப் போகிறானே என்று பெற்றோர் அஞ்ச வேண்டுவதில்லை. அங்கு வகுப்பின் எண் இறங்கிக்கொண்டே வருவதுதான் வழக்கம்.

லிசேயின் முடிவில் எழுதுவது 'பக்கலோரியா' என்னும் தேர்வு. நெப்போலியன் காலத்தில், 1808-இல் ஏற்பட்டது அது. மதிப்பெண் 20-க்கு வழங்கப்பெறும். சராசரி 10 பெற்றால் தேர்ச்சி. பொதுப்பிரிவு மாணவர் அனைவரும், அறிவியல் விருப்பினராயினும், இறுதியாண்டில் தத்துவம் பயின்று அதில் நான்கு மணி நேரத் தேர்வு எழுதவேண்டும். ஒரு வினாவை எடுத்துக்கொண்டு, இருபக்க நியாயங்களையும் நிறுத்திப் பார்த்து, முறையாகக் கட்டுரை வரைதல் அங்குப் பெரிதும் மதிக்கப்படும் திறன். 2021 முதல், நடுவர்முன் நின்று பேசும் வாய்மொழித் தேர்வொன்றும் சேர்ந்துள்ளது. மனப்பாடம் ஒன்றையே நம்பும் மாணவனுக்கு இங்கு இடர்ப்பாடு மிகுதி.

இத்தனை சிறப்பிருந்தும், எல்லாக் குழந்தைக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். முதலாவது, பயிற்றுமொழி. மூன்று வயதில் சேரும் குழந்தை விளையாட்டோடு விளையாட்டாகப் பிரெஞ்சு பேசத் தொடங்கிவிடும். 13 வயதில், அம்மொழியை அறியாமல் சேரும் பிள்ளையின் நிலை வேறு. கணக்கு நன்றாக வரும் பிள்ளை, கணக்கு வினாவின் சொற்கள் விளங்காமல் தலைகுனிந்து நிற்பதை, பயிற்றுமொழி மாறி வந்த மாணவரிடம் நான் பலமுறை கண்டிருக்கிறேன். அதனை மந்தம் என்று ஆசிரியர் எண்ணிவிட்டால், நாளடைவில் அப்பிள்ளையும் தன்னை அவ்வாறே எண்ணத் தொடங்கிவிடுவான். ஆகையால், மொழி அறியாது வரும் மாணவர்க்குத் தனிப்பயிற்சி உண்டா, வாரத்துக்கு எத்தனை மணி, எவ்வளவு காலம் என்று பள்ளியில் கேட்டறிதல் இன்றியமையாதது.

இரண்டாவது, அங்கீகாரத்தின் எல்லை. அது வகுப்பு நிலைக்கேற்ப அளிக்கப்படுவது. ஒரு பள்ளி தொடக்க வகுப்புகளுக்கு மட்டும் அதனைப் பெற்று, மேல்வகுப்புகளுக்குப் பெறாமல் இருத்தல் கூடும். எனவே, 'அங்கீகாரம் உண்டா?' என்பதோடு நில்லாமல், 'எந்த வகுப்பு வரை உண்டு?' என்றும் கேட்க வேண்டும்.

மூன்றாவது, பிள்ளை பின்னர்ச் செல்லவிருக்கும் இடம். லிசேயின் இரண்டாம் ஆண்டில் மூன்று சிறப்புப் பாடங்களை எடுக்கும் மாணவன், இறுதியாண்டில் அவற்றுள் ஒன்றைக் கைவிட்டு இரண்டையே தொடர்கிறான். இயற்பியலும் வேதியியலும் அங்கு இணைந்து ஒரே பாடமாக நிற்கின்றன. இந்தியாவுக்குத் திரும்பி மருத்துவமோ பொறியியலோ படிக்க விரும்புவோர், அக்கல்லூரிகள் கேட்கும் பாடங்கள் தம் தேர்வில் அடங்குமா என்பதை அவற்றைத் தெரிவு செய்யும் முன்னரே உறுதி செய்துகொள்ளல் வேண்டும். பிரான்சிலோ கனடாவின் கியூபெக்கிலோ மேற்படிப்பை நாடுவோர்க்கு இத்தடை பெரிதன்று.

கட்டணமும் கருதத்தக்கதே. பிரெஞ்சுக் குடியுரிமையுடைய பிள்ளைகளுக்கு, குடும்ப வருவாயைப் பொறுத்து, அந்நாட்டரசு உதவித்தொகை வழங்குகிறது. மற்றையோர் தம் பொருளையே நம்ப வேண்டும். பள்ளியே அருகில் இல்லாத ஊர்களில், 1939-இல் தோன்றிய பிரெஞ்சு அரசின் தொலைக்கல்வி நிலையத்தின் வாயிலாகவும் பயிலலாம்.

இறுதியாக ஒன்று. பிரெஞ்சுப் பள்ளியில் பிரெஞ்சும் ஆங்கிலமும் வந்துவிடும். தமிழ் தானாக வாராது. அதனை வீட்டில்தான் வளர்க்க வேண்டும். நாள்தோறும் உணவுவேளையில் தமிழில் உரையாடலும், வாரம் ஒரு முறை பாட்டிக்குத் தமிழில் கடிதம் எழுதுவித்தலும் எந்தக் குடும்பத்துக்கும் இயலாதவை அல்ல. தன் வீட்டு மொழியில் தெளிவாக எண்ணக் கற்ற பிள்ளை பிறமொழியையும் திண்மையோடு பற்றிக்கொள்கிறான் என்பது என் ஆசிரியப் பணியில் நான் தெளிந்த உண்மை.

ஆகவே, கட்டடத்தின் பொலிவையும் பள்ளியின் பெயரையும் பார்த்து மயங்காமல், பிள்ளை எங்கிருந்து வருகிறான், இனி எங்குச் செல்லப்போகிறான் என்பவற்றை முதலில் எண்ணுங்கள். அவ்விரண்டுக்கும் இடையே பாலமாக நிற்கக்கூடிய பள்ளி எதுவோ, அதுவே அவனுக்கு நல்ல பள்ளி.