மாணவருக்கென ஒரு கால் மணி நேரம்

நான் பணி ஓய்வு பெறுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, இரண்டாம் ஆண்டு பொருளியல் மாணவர் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். புள்ளியியல் தாளில் இரண்டு முறை தோல்வி. 'எனக்குக் கணக்கு வராது ஐயா' என்று தம்மைப் பற்றி அவரே தீர்ப்பு எழுதி வைத்திருந்தார். மாதிரித் தேர்வில் அவர் எழுதிய விடைத்தாள் என்னிடம் இருந்தது. அதை மேசைமீது விரித்து, இருவரும் பக்கம் பக்கமாகப் புரட்டினோம்.

மொத்தம் 75 மதிப்பெண்கள். முதற்பகுதியில் இரண்டு மதிப்பெண் வினாக்கள் பத்து. அடுத்து ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஐந்து. இறுதியில் பத்து மதிப்பெண் வினாக்கள் மூன்று. இரண்டு மதிப்பெண் வினா ஒவ்வொன்றுக்கும் அவர் ஏறத்தாழ ஒரு பக்கம் எழுதியிருந்தார். இடைநிலை என்றால் என்ன என்று கேட்டால் இலக்கணம், நன்மைகள், குறைகள், எடுத்துக்காட்டு என எல்லாம் வரிசையாக இருந்தன. பத்து மதிப்பெண் கணக்குகளை அடைந்தபோது அவருக்கு நேரம் இல்லை. ஒன்றைத் தொடங்கிப் பாதியில் விட்டிருந்தார். அந்தப் பாதியில் ஒரு பிழைகூட இல்லை.

'ஏன் தம்பி இவ்வளவு எழுதினாய்?' என்று கேட்டேன். 'நிறைய எழுதினால்தான் மதிப்பெண் போடுவார்கள் என்று நினைத்தேன் ஐயா' என்றார்.

இருபது நிமிடங்களில் தெரிந்த இந்தச் செய்தி, அவருக்குப் பாடம் நடத்திய எங்களில் எவருக்கும் அதுவரை தெரியாது. நான் உட்பட. 'தேர்வில் நேரத்தைப் பகிர்ந்து எழுதுங்கள்' என்று அறுபது பேர் கொண்ட வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லி வந்தவன்தான் நான். அந்த அறிவுரை மெதுவாக எழுதுபவர்களுக்கானது என்று அவர் எண்ணியிருக்கிறார். அவருடைய கையெழுத்தோ மிக வேகமானது. அடுத்த பருவத் தேர்வில் அவர் தேர்ச்சி பெற்றார். இடையில் புள்ளியியலில் புதிதாக எதையும் நான் அவருக்குக் கற்பிக்கவில்லை.

தனிப்பயிற்சி என்றதும் நமக்கு 'டியூஷன்' நினைவுக்கு வருகிறது. நான் பேசுவது அதைப் பற்றி அன்று. டியூஷனில் பாடம் மறுபடியும் நடத்தப்படுகிறது. கல்வி வழிகாட்டலில் பேசுபொருள் பாடமன்று. மாணவர் எப்படிப் படிக்கிறார், எங்கே தடுக்கி நிற்கிறார், சென்ற முறை செய்வதாகச் சொன்னதைச் செய்தாரா, அடுத்த சந்திப்புக்குள் என்ன செய்யப் போகிறார் என்பவையே. முதல் சந்திப்புக்கு அரை மணி நேரம், பிறகு இரு வாரங்களுக்கு ஒருமுறை கால் மணி நேரம் போதும். ஆனால், கேட்பவர் அதே ஆளாக இருக்க வேண்டும். மாணவர் மறந்தாலும் அவர் மறக்கக் கூடாது.

இதனால் பலன் உண்டா என்பதை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் பெட்டிங்கர், ரேச்சல் பேக்கர் ஆகியோர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு 13,555 அமெரிக்க மாணவர்களைப் பற்றியது. குலுக்கல் முறையில் தேர்ந்த ஒரு பகுதியினருக்கு மட்டும் வழிகாட்டிகள் தொலைபேசியில் தொடர்ந்து பேசி வந்தனர். ஓராண்டுக்குப் பிறகு, வழிகாட்டல் பெற்றவர்களில் 48.8 சதவீதத்தினரும் பெறாதவர்களில் 43.5 சதவீதத்தினரும் படிப்பைத் தொடர்ந்துகொண்டிருந்தனர். ஐந்து சதவீதப் புள்ளி சிறிதாகத் தோன்றலாம். நூறு பேரில் ஐவர் படிப்பைக் கைவிடாமல் காக்கப்பட்டனர் என்று படித்தால் அதன் அளவு விளங்கும்.

டொரண்டோ பல்கலைக்கழகத்தில் பிலிப் ஒரியோபூலஸ், உரோஸ் பெட்ரோனியெவிச் என்ற பொருளியலாளர்கள் நடத்திய சோதனை நமக்கு இன்னும் பொருத்தமானது. முதலாண்டு மாணவர்களில் சிலருக்கு இணையவழிப் பயிற்சி, சிலருக்குக் கைப்பேசியில் குறுஞ்செய்திகள், ஒரு சிறு குழுவினருக்கு மட்டும் நேரில் பேசும் வழிகாட்டி. இணையப் பயிற்சியும் குறுஞ்செய்தியும் மதிப்பெண்ணை அசைக்கவில்லை. நேரில் சந்தித்தவர்களின் சராசரி மதிப்பெண் ஏறத்தாழ ஐந்து சதவீதப் புள்ளிகள் உயர்ந்தது. அந்த வழிகாட்டிகள் பேராசிரியர்கள் அல்லர்; அதே பல்கலைக்கழகத்தின் மூத்த மாணவர்கள். எல்லாவற்றுக்கும் ஒரு செயலி செய்து தருகிறோம் என்று கல்லூரிகளின் வாசலில் நிற்பவர்கள் இந்த ஆய்வைக் குறிப்பிடுவதில்லை.

மிகைப்படுத்தவும் வேண்டியதில்லை. தனி ஆசிரியரிடம் பயின்ற சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் பயின்றவர்களில் 98 சதவீதத்தினரை விஞ்சினார் என்று 1984-இல் பெஞ்சமின் புளூம் எழுதியது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. பின்வந்த ஆய்வுகளில் அவ்வளவு பெரிய பலன் தென்படவில்லை.

பலன் தெரிந்தும் ஏன் பரவவில்லை? காரணம் விலை. வில்லியம் பௌமோல், வில்லியம் பௌவன் இருவரும் 1966-இல் நிகழ்த்துகலைகளின் பொருளாதாரத்தை ஆராய்ந்தபோது ஓர் உண்மையைச் சுட்டினர். தொழிற்சாலையில் ஒரு மணி நேர உழைப்பு ஆண்டுக்கு ஆண்டு அதிகப் பொருளைத் தருகிறது. நால்வர் வாசிக்க வேண்டிய இசையை வாசிக்க இன்றும் அதே நால்வரும் அதே நேரமும் தேவை. ஒரு மாணவரின் விடைத்தாளை அவரோடு அமர்ந்து புரட்டுவதும் இப்படித்தான். வகுப்பில் அறுபது பேரை எண்பது பேராக்கினால் தலைக்கு ஆகும் செலவு குறையும். கால் மணி நேரத்தைப் பத்து நிமிடமாக்கினால் அங்கே நடப்பது வேறொன்றாகிவிடும்.

நம் கல்லூரிகளில் இதற்கு ஏற்பாடே இல்லை என்று சொல்ல முடியாது. ஆசிரியருக்கு இத்தனை மாணவர் என்று பிரித்து, 'வழிகாட்டி ஆசிரியர்' என்று பெயர் சூட்டி, பதிவேடும் கொடுத்திருக்கிறோம். நாக் குழுவின் மதிப்பீட்டில் வழிகாட்டி - மாணவர் விகிதம் கேட்கப்படுவதால் அந்தப் பதிவேடுகள் ஒழுங்காகவே நிரப்பப்படுகின்றன.

எப்படி நிரப்பப்படுகின்றன என்பதை என் கையெழுத்தை வைத்தே சொல்கிறேன். எனக்கு ஒதுக்கப்பட்ட இருபத்திரண்டு பேரில் ஒரு மாணவி. அவர் பக்கத்தில் இரண்டு பருவங்களிலும் 'முன்னேற்றம் திருப்தி' என்று எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறேன். இரண்டு முறையும் அவரை அழைத்துப் பேசவில்லை. குழு வருகிறது என்று ஒரே மாலையில் இருபத்திரண்டு பக்கங்களையும் முடித்தேன். மூன்றாம் பருவத்தில் அவர் கல்லூரிக்கு வரவில்லை. வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனதால் இனித் தேர்வு எழுதவே முடியாது என்று எண்ணி நின்றுவிட்டதாக அவருடைய தோழி பிறகு சொன்னார். 65 சதவீதத்துக்கு மேல் இருந்தால் உரிய கட்டணம் செலுத்தி எழுதலாம் என்பது எங்கள் விதி. அவருடைய வருகை 71 சதவீதம். நான் அறிந்தபோது அவர் வெளியூரில் வேலைக்குச் சேர்ந்திருந்தார்; திரும்பி வரவில்லை.

தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம், 2021-22 கணக்கெடுப்பின்படி 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. பெருமைப்பட வேண்டிய எண். இப்படி வந்து சேர்ந்தவர்களில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். அரியர், அகமதிப்பெண், மறுமதிப்பீடு என்ற சொற்களை வீட்டில் யாரிடம் கேட்பார்கள்? புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்குக்கு வந்துவிடுகிறது, அது பேருதவி. விதிகளை எடுத்துச் சொல்லும் ஆளைக் கணக்கில் வரவு வைக்க இயலாது.

ஆகவே, நேரத்தைக் கால அட்டவணையில் வைக்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடிக் கற்பித்தல். வழிகாட்டல் இதற்கு வெளியே, 'மற்றவை' என்ற மூட்டைக்குள் கிடக்கிறது. இருபது மாணவருக்கு இரு வாரங்களுக்கு ஒருமுறை கால் மணி நேரம் என்றால், ஆசிரியருக்கு வாரத்துக்கு இரண்டரை மணி நேரம். அதை அந்தப் பதினாறுக்குள் கொண்டுவந்தால் கூடுதல் ஆசிரியர் தேவைப்படுவார். நிதித் துறை இதை விரும்பாது என்பதை அறிவேன். எல்லோருக்கும் இயலாது என்றால் முதலாண்டு மாணவர்களுக்கும், இரண்டுக்கு மேல் அரியர் வைத்திருப்போருக்கும் மட்டுமாவது தொடங்கலாம். முதுகலை மாணவர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் சிறு ஊக்கத்தொகை கொடுத்து இப்பணியில் ஈடுபடுத்தலாம். டொரண்டோவிலும் மூத்த மாணவர்களைக் கொண்டே வழிகாட்டினார்கள்.

கல்லூரி விட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது மட்டும் நடவாது. எங்கள் கல்லூரிக்குக் கிராமங்களிலிருந்து வருவோருக்கு நாலேகால் மணிப் பேருந்தை விட்டால் அடுத்தது ஆறு மணிக்கு. பன்னிரண்டு ஆசிரியர்கள் அமர்ந்திருக்கும் பொது அறையும் இதற்கு உதவாது. பதினெட்டு வயதுப் பிள்ளை அத்தனை காதுகளுக்கு நடுவே தன் தோல்வியைப் பற்றிப் பேசமாட்டான். புள்ளியியல் மாணவர் என்னைப் பார்க்க வந்தது ஒரு தேர்வு நாளில். மற்ற ஆசிரியர்கள் அனைவரும் கண்காணிப்புப் பணிக்குச் சென்றிருந்தனர்; அறை காலியாக இருந்தது.