விளக்கு அணைந்த இரவு

மின்சாரத்தின் அருமை அது நின்ற பிறகுதான் தெரியும் என்பார்கள். கிணற்றின் அருமையும் அப்பொழுதுதான் தெரிகிறது!

2023-ஆம் வருஷம் மார்கழி பிறந்த அன்று, டிசம்பர் 17-ந் தேதி, தென்பாண்டிச் சீமையில் பிடித்த மழையை ஜனங்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். குமரிக் கடல் பக்கம் உண்டான காற்றுச் சுழற்சியே அதற்குக் காரணம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, நூற்றுக்கணக்கான பிரயாணிகள் வெள்ளத்தின் நடுவே தவித்தார்கள். 1944 முதல் பாபநாசத்தில் நமக்கு மின்சாரம் தந்துவரும் தாமிரவருணியே கரை புரண்டு, அநேக ஊர்களை இருளில் ஆழ்த்திற்று. கைபேசிகளும் ஊமையாயின.

இருளைக் காட்டிலும் தண்ணீர்க் கஷ்டமே பெரிது. மோட்டார் ஓடாவிட்டால் மாடித் தொட்டி நிரம்புவது எப்படி? சுற்றிலும் வெள்ளம்; குடிக்கவோ ஒரு செம்பு நீரில்லை! வானம் பார்த்த பூமியாகிய நம் சங்கரன்கோவில் வட்டாரத்தில் பாட்டிமார்கள் வாளியும் கயிறுமாய்க் குடும்பம் நடத்தினார்கள். நாமோ வீட்டுக் கிணற்றைத் தூர்த்துவிட்டுக் குழாயை நம்பினோம்.

ஆகையால், ஐப்பசி பிறந்ததும் லாந்தர் விளக்கைத் துடைத்து வையுங்கள். மழை வலுக்குமுன் குடங்களை நிரப்புங்கள். வெள்ளம் வாசலை எட்டுமுன் மெயின் ஸ்விச்சை அணையுங்கள்; அறுந்த கம்பியின் அருகே போகாதீர்கள். கிணறு இருந்தால் காப்பாற்றுங்கள். வெள்ளம் வடிந்தபின் அதன் நீரைக் காய்ச்சிக் குடியுங்கள்.

சுதந்திரம் பெற்ற தேசத்தின் வீடு, ஒரு ஸ்விச்சுக்கு அடிமையாய் இருக்கலாமா?