'ப்ளீஸ்' போட்டுக் கேட்டும் ஏன் முறைத்தார்?

சில வருடங்களுக்கு முன் ஆபீஸ் வேலையாக லண்டன் போயிருந்தேன். ரயிலில் எதிர் சீட்டுக்காரர் ஹெட்ஃபோன் இல்லாமல் சத்தமாக வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். "ப்ளீஸ் ரெட்யூஸ் தி வால்யூம்" என்றேன். மனுஷன் முறைத்தாரே தவிர, சத்தத்தைக் குறைக்கவில்லை. ப்ளீஸ் போட்டுத்தானே கேட்டோம், அப்புறம் என்ன கோபம்?

யோசித்துப் பார்த்தால் காரணம் இலக்கணத்தில் இருக்கிறது. தமிழில் "குறைங்க" என்றால் அந்த 'ங்க'விலேயே மரியாதை வந்துவிடும். ஆங்கிலத்தில் நீ, நீங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே 'யூ'. அதனால் வாக்கியத்தின் அமைப்புதான் மரியாதையைச் சுமக்க வேண்டும். ப்ளீஸ் சேர்த்தாலும் கட்டளை கட்டளைதான்.

பெனலோப்பி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் இருவரும் 1978ல் எழுதி, 1987ல் தனிப் புத்தகமாக வந்த ஆய்வு இதைத்தான் அலசுகிறது. (அவர்கள் எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளில் ஒன்று கோவை மாவட்டக் கிராமத்துத் தமிழ்!) மனிதருக்கு இரண்டு ஆசைகள் என்கிறார்கள்: பிறர் தன்னை மதிக்க வேண்டும், தன்னை யாரும் வற்புறுத்தக் கூடாது. "அண்ணே, கொஞ்சம் சத்தத்தைக் குறைங்களேன்" என்று நாம் உறவு கொண்டாடி நெருங்குகிறோம். ஆங்கிலேயர் ஓரடி விலகி நின்று, மறுக்கவும் வழிவிட்டுக் கேட்கிறார்.

சத்தத்துக்கு: "எக்ஸ்க்யூஸ் மீ, வுட் யூ மைண்ட் டர்னிங் இட் டவுன் எ பிட்?" இதற்கு "நோ, நாட் அட் ஆல்" என்று பதில் வந்தால் பதறாதீர்கள். 'எனக்கு ஆட்சேபம் இல்லை', அதாவது குறைக்கிறேன் என்று அர்த்தம்.

வரிசையில் குறுக்கே நுழைபவரிடம்: "சாரி, ஐ திங்க் தி க்யூ ஸ்டார்ட்ஸ் பேக் தேர்." தெரியாமல் வந்துவிட்டார் என்பதுபோலச் சொல்வதால், அவர் கௌரவமாகப் பின்னால் போகலாம்.

சீட்டில் பை வைத்திருப்பவரிடம்: "இஸ் எனிஒன் சிட்டிங் ஹியர்?" யாரும் இல்லை என்பது இருவருக்குமே தெரியும். பையை எடுங்கள் என்று சொல்லாமலே வேலை முடிந்துவிடும்.

நம் சீட்டைக் குழந்தை உதைத்தால், பெற்றோரிடம்: "சாரி டு பாதர் யூ, ஐ டோன்ட் நோ இஃப் யூ'வ் நோட்டிஸ்ட், பட் மை சீட் இஸ் பீயிங் கிக்ட்." குழந்தையின் பேரே இதில் வரவில்லை பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. "டூ யூ மைண்ட்!" என்று மட்டும் அழுத்திச் சொன்னால் அது திட்டு. "எக்ஸ்க்யூஸ் மீ"யும் குரல் உயர்ந்தால் சண்டைக்கு அழைப்புதான். ஒருமுறை கேட்டும் கேட்காதவரிடம் மறுபடி மல்லுக்கட்டாமல் இடம் மாறுவதோ, ஊழியரிடம் சொல்வதோ நல்லது.

அதே பயணத்தில் இன்னொரு நாள், இன்னொரு சத்தக்காரர். இந்தமுறை "வுட் யூ மைண்ட்" என்று ஆரம்பித்தேன். "ஓ, சாரி மேட்" என்று உடனே அணைத்துவிட்டார்.