துருவக் குளிர் திரும்பும்போது

ஜனவரி நடுவில் டொராண்டோவிலும் பஃபலோவிலும் சில நாட்கள் வெப்பநிலை பூஜ்யத்துக்கு மேலே போகும். நடைபாதைப் பனி உருகிச் சேறாகும். கையுறை எங்கே கிடக்கிறதென்றே மறந்துபோகும். அந்தச் சமயம் பார்த்து, வட துருவத்தின் மேல் சுழலும் குளிர்காற்றின் ஒரு பகுதி தெற்கே சரிந்து வரும். 2019 ஜனவரி 30 அன்று சிகாகோவில் மைனஸ் 31 டிகிரி செல்சியஸ் பதிவானது இப்படித்தான். முன்னறிவிப்பு சில நாட்களுக்கு முன்பே வந்துவிடுகிறது. அதைப் படிப்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

எந்த எண்ணைப் பார்ப்பது?

பார்க்க வேண்டியது 'விண்ட் சில்', அதாவது காற்றும் சேர்ந்து உடம்பு உணரும் குளிர். மைனஸ் 20 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால், உடம்புக்கு அது மைனஸ் 33. அந்த அளவில் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம். பேருந்து தாமதமானால் அவ்வளவு நேரம் நிற்கத்தானே வேண்டியிருக்கிறது!

வலி நின்றால்

பனிக்கடி முதலில் விரல் நுனி, மூக்கு, காதுமடலில் சுருக்கென்று குத்தும், பிறகு மரத்துப்போகும். வலி போய்விட்டதே என்று நிம்மதி அடைய வேண்டாம், ஆபத்து அங்கேதான். வெள்ளைத் தோல் வெளிறுவதுபோல் நம் தோலில் பளிச்சென்று தெரியாது. சாம்பல் பூத்து, மெழுகுபோல் விறைத்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

தேய்க்கக் கூடாது, உள்ளே உறைந்த திசு கிழியும். ஹீட்டர் முன்னால் நீட்டவும் கூடாது, மரத்த விரலுக்குச் சூடு தெரியாமல் வெந்துவிடும். 37 முதல் 39 டிகிரி வரையுள்ள வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்தி வைத்துவிட்டு மருத்துவரிடம் போகலாம். மீண்டும் குளிரில் போக வேண்டியிருந்தால் இளக வைக்காதீர்கள். இளகி மறுபடி உறைவது இன்னும் மோசம்.

நடுக்கம் அடங்கினால்

உள்ளுடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்குவது ஹைப்போதெர்மியா. நடுக்கம் இருக்கும்வரை உடம்பு போராடுகிறது. நடுக்கம் அடங்கி, பேச்சு குழறி, 'தூங்கணும்' என்றால் உடனே 911-ஐ அழையுங்கள். ஈர உடையைக் களைந்து, கைகாலை விட்டுவிட்டு நெஞ்சையும் கழுத்தையும் முதலில் போர்த்துங்கள். ஒரு பெக் போட்டால் சூடேறும் என்பது சுத்தப் பொய். மது தோலின் ரத்தக்குழாய்களை விரித்து, இருக்கிற சூட்டையும் வெளியேற்றும்.

பனி அள்ளும் முன்

குளிரில் ரத்தக்குழாய் சுருங்கும், அழுத்தம் ஏறும். அதோடு மூச்சைப் பிடித்து ஈரப்பனியைத் தூக்கினால் இதயத்துக்கு இரட்டைச் சுமை. இதய நோயுள்ளவர்கள் பக்கத்து வீட்டுப் பையனுக்கு நாலு டாலர் கொடுத்துவிடுவது உத்தமம்.

காரை ஓடவிட்டு உட்காரும் முன் புகைக்குழாயைப் பனி அடைத்திருக்கிறதா பாருங்கள், அடைத்திருந்தால் நச்சுப்புகை உள்ளே வரும். 2021 பிப்ரவரியில் டெக்சஸில் மின்சாரம் போனபோது கராஜில் காரை ஓடவிட்டும் வீட்டுக்குள் கரி மூட்டியும் குளிர் காய்ந்தவர்கள் கார்பன் மோனாக்சைடுக்குப் பலியானார்கள். அதற்கு வாசனை கிடையாது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால், காரணம் தேடாமல் வெளியே வந்து 911-ஐ அழையுங்கள்.