நாளிதழில் பிறந்த மணிமன்றம்

ஒரு நாளிதழின் பக்கம் இயக்கமாக வளர முடியுமா? நம் நாட்டுத் தமிழரிடையே அப்படி ஒன்று நடந்தது.

மலாக்காவுக்கும் ரப்பருக்கும் நெடுங்காலத் தொடர்பு உண்டு. 1896இல் டான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் மாநிலம் எங்கும் தோட்டங்கள் பெருகின. பால் மரம் சீவத் தமிழர் வந்து குடியேறினர். லயத்து வீடு, கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை ஆகியவற்றுக்குள் அவர்கள் உலகம் அடங்கியது. தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்த சிறுவர் பலர் அடுத்து வேலைக்காட்டுக்குத்தான் போனார்கள். எழுதப் படிக்கத் தெரியும்; ஆனால், எதை எழுதுவது, யாருக்கு எழுதுவது?

அந்தக் கேள்விக்கு வழி காட்டியவர் கோ. சாரங்கபாணி. சிங்கப்பூரில் 1935இல் அவர் தொடங்கிய ‘தமிழ் முரசு’ மலாயாத் தோட்டங்களிலும் படிக்கப்பட்டது. 1950களின் தொடக்கத்தில் அதில் ‘மாணவர் மணிமன்றம்’ என்னும் பகுதி வெளிவந்தது. கதையோ கட்டுரையோ எழுதி அனுப்பிய மாணவர், தம் பெயரை அச்சில் கண்டனர். பெரியவர் பெயரே நாளிதழில் வராத காலத்தில் அது சிறிய செய்தியா என்ன? பிற்கால எழுத்தாளர் பலருக்கு அதுவே முதல் மேடை.

அந்த மாணவர்கள் இளைஞர்களானபோது மன்றமும் உடன் வளர்ந்தது. தோட்டங்களிலும் பட்டணங்களிலும் தமிழ் இளைஞர் மணிமன்றங்கள் தோன்றின. அவற்றை இணைக்கத் தேசிய அளவில் பேரவையும் உருவாயிற்று. தமிழில் ‘மணி’ என்பது இரத்தினத்தையும் குறிக்கும். ஒலிக்கும் மணியையும் குறிக்கும். ஆங்கிலப் பெயரில் இவர்கள் ஏற்றுக்கொண்டது ஒலிக்கும் மணியையே.

பேச்சுப்போட்டி, பொங்கல் விழா, விளையாட்டு, கூட்டுப்பணி ஆகியவை வெளியே தெரிந்த பணிகள். அவற்றைவிட முக்கியமானது வேறொன்று என்பேன். பகலெல்லாம் பிறர் கட்டளைக்குப் பணிந்த இளைஞர், மாலையில் கூட்டம் கூட்டித் தலைவரைத் தேர்ந்தெடுத்தனர், கூட்டக் குறிப்பு எழுதினர், கணக்குக் காட்டினர், மாற்றுக் கருத்தை எழுந்து நின்று சொன்னார்கள்.

அதே காலத்தில், மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்காகச் சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதியைத் திரட்டினார். 1956இல் அத்துறை தொடங்கியது. அந்நிதிக்குச் செல்வர் மட்டுமல்லர், கூலி வேலை செய்தோரும் வெள்ளி வெள்ளியாகக் கொடுத்தனர்.

பிறகு தோட்டங்கள் மாறின. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தனர். முன்பு லயத்து வரிசையில் நடந்தே உறுப்பினர் அனைவரையும் கூட்டத்துக்கு அழைத்துவிடலாம். இப்போது அவர்கள் பல தாமான்களில் சிதறி வாழ்கிறார்கள். செயலாளர் ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் செய்தி அனுப்ப வேண்டியிருக்கிறது.